மதுவையும் போதைப்பொருளையும் நிறுத்தும் முன் அறிய வேண்டியவை: அடிமை நிலை, விலகல் நாட்கள், சிகிச்சை வழிகள்

பல ஆண்டுகளாக நாள் தவறாமல் குடித்துவந்த ஒருவர், "நாளையிலிருந்து தொடவே மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கும்போது வீட்டில் உள்ளவர்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது போல இருக்கும். அந்த மகிழ்ச்சியில் பிழையில்லை. ஆனால், அந்த வாக்கைக் கேட்ட அன்றே ஒரு மருத்துவரிடம் பேசிவிட வேண்டும் என்பது பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது. மதுவைத் திடீரென நிறுத்துவது சிலருக்கு உயிராபத்தில் முடியலாம் என்பதையும், நிறுத்திய முதல் வாரம் சிகிச்சையின் வாசற்படி மட்டுமே என்பதையும் முன்கூட்டியே அறிந்திருந்தால் எத்தனையோ வேதனைகளைத் தவிர்க்கலாம். தமக்காகவோ தம்மைச் சேர்ந்த ஒருவருக்காகவோ இந்த முடிவை எடுக்கப்போகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இது பழக்கமா, நோயா?

ஒருவர் எவ்வளவு குடிக்கிறார் என்பதை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இதற்கு 11 அடையாளங்களைத் தருகிறது. நினைத்ததைவிட அதிகமாகப் பயன்படுத்துவது, குறைக்க முயன்று தோற்பது, தேடுவதிலும் அருந்துவதிலும் தெளிவதிலும் நாளின் பெரும்பகுதி கழிவது, அடக்க முடியாத வேட்கை, வீட்டிலும் வேலையிலும் கடமை தவறுவது, உறவுகள் முறிவதைக் கண்டும் தொடர்வது, முன்பு விரும்பிச் செய்தவற்றைக் கைவிடுவது, வண்டி ஓட்டுவது போன்ற ஆபத்தான வேளைகளிலும் பயன்படுத்துவது, உடலும் மனமும் கெடுவது தெரிந்தும் விடாமலிருப்பது, அதே போதையை அடைய அளவைக் கூட்ட வேண்டியிருப்பது, நிறுத்தினால் உடல் துன்புறுவது ஆகியவை அந்தப் பதினொன்று. ஓராண்டுக் காலத்துக்குள் இவற்றில் 2 அல்லது 3 இருந்தால் லேசான நிலை என்றும், 4 அல்லது 5 இருந்தால் நடுத்தர நிலை என்றும், 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் தீவிர நிலை என்றும் கொள்கிறார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மருத்துவர் எழுதிக்கொடுத்தபடியே வலிநிவாரணி மாத்திரைகளைச் சில மாதங்கள் உட்கொண்டவருக்கும் உடல் அந்த மருந்துக்குப் பழகிப்போய், நிறுத்தும்போது துன்பம் வரலாம். அது மட்டும் இருந்தால் அவரை அடிமை என்று சொல்லிவிடக் கூடாது. கேடு விளைவது கண்முன்னே தெரிந்தும் கை அதையே நாடிப் போவதுதான் அடிமை நிலையின் உட்கரு.

"எவ்வளவு குடித்தாலும் ஆள் நிதானமாக இருப்பார்" என்று சிலரைப் பெருமையாகச் சொல்வதுண்டு. தயவுசெய்து அதைப் பெருமையாக எண்ணாதீர்கள். மூளை அந்த அளவு மதுவுக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டுவிட்டது என்பதே அதன் பொருள். நிறுத்தியதும் உடல் துன்புறும் விலகல் நாட்களில் மிகுதியாகத் துன்புறப்போகிறவரும் பெரும்பாலும் அவரே.

தன்னைத் தானே சோதித்துப்பார்க்க நான்கு எளிய கேள்விகள் மருத்துவர்களிடையே நெடுங்காலமாகப் புழங்கிவருகின்றன. குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்ததுண்டா? உங்கள் குடியைப் பற்றிப் பிறர் பேசியது உங்களுக்கு எரிச்சலூட்டியதுண்டா? குடித்ததற்காகக் குற்றவுணர்வு கொண்டதுண்டா? காலையில் எழுந்ததும் கைநடுக்கத்தையோ தலைவலியையோ போக்கக் குடித்ததுண்டா? இரண்டு கேள்விகளுக்கு "ஆம்" என்றால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. நான்காவது கேள்விக்கு "ஆம்" என்ற விடை வந்தால், மற்ற மூன்றையும் கேட்டுக்கொண்டிராமல் உடனே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அளவைச் சொல்லும்போது கோப்பைக் கணக்கு ஏமாற்றிவிடும். கிராமில் கணக்கிடுவதே சரி. அருந்திய மில்லிலிட்டரை, புட்டியில் அச்சிட்டுள்ள மது விழுக்காட்டால் பெருக்கி 100-ஆல் வகுத்து, பின் 0.79-ஆல் பெருக்கினால் தூய மதுவின் எடை கிடைக்கும். 40 விழுக்காடு மது 200 மி.லி. அருந்தினால் ஏறத்தாழ 63 கிராம். 5 விழுக்காடு பீர் 650 மி.லி. அருந்தினால் ஏறத்தாழ 26 கிராம். உலக சுகாதார அமைப்பு உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட மதுப் பழக்கச் சோதனையில் 10 கிராம் மதுவையே ஓர் அளவாக வைத்திருக்கிறார்கள்.

நிறுத்திய பின் உடலில் நடப்பது என்ன?

மூளையைத் தணித்துவைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது. மூளையைத் தூண்டிவிடும் குளூட்டமேட்டின் வேலையை அது தடுக்கிறது. நாள்தோறும் இப்படி நடக்கும்போது, மூளை சமநிலையைக் காக்கத் தன் தணிப்பைக் குறைத்துத் தூண்டலைக் கூட்டிக்கொள்கிறது. தாழிட்ட கதவைத் தன் முழுப் பலத்தோடும் தள்ளிக்கொண்டிருக்கும் ஒருவர், கதவு திடீரெனத் திறந்தால் குப்புற விழுவார் அல்லவா? மது நின்றவுடன் மூளைக்கு நேர்வது அதுவே.

கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்துக்குப் பின் கைநடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை தொடங்கும். பெரும்பாலோருக்கு இவை இரண்டு மூன்று நாட்களில் தணியத் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். சிலருக்கு 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வருகிறது. ஒரு சிறு பகுதியினருக்கு 48 முதல் 96 மணி நேரத்துக்குள் டெலிரியம் ட்ரெமன்ஸ் எனப்படும் கடும் மனக்குழப்ப நிலை ஏற்படுகிறது: காய்ச்சல், நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுவது, இடமும் காலமும் தெரியாமல் போவது, இல்லாததைக் காண்பது. சிகிச்சை இல்லையென்றால் இது உயிரைப் பறிக்கக்கூடும். உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம்.

என் மாமா ஒருவர் யாரிடமும் சொல்லாமல் தாமாகவே நிறுத்தினார். மூன்றாம் நாள் மாலை, "மூணு நாளாச்சு, தாண்டிட்டேன் பாத்தியா" என்று சொல்லிச் சிரித்தார். தண்ணீர்க் குவளையை இரண்டு கைகளாலும் பற்றியிருந்தும் விளிம்பில் தண்ணீர் தளும்பிச் சிந்திக்கொண்டே இருந்தது. அன்று நள்ளிரவில் அவர் கட்டிலில் உட்கார்ந்து, போர்வையிலிருந்து இல்லாத நூலை இழுத்து இழுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். யாரிடமோ வேலைக்கணக்குப் பேசினார். அறையில் வேறு யாரும் இல்லை. தூக்கமில்லாத குழப்பம், விடிந்தால் சரியாகிவிடும் என்று நாங்கள் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். அந்த மூன்று மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உள்ளம் நடுங்குகிறது. மருத்துவமனையில் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, கடைசியாக எப்போது குடித்தார் என்பது. எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார்.

ஆகவே, முன்பு நிறுத்தியபோது வலிப்போ மனக்குழப்பமோ வந்தவர்கள், காலையில் குடிக்காமல் இருக்க முடியாதவர்கள், முதியவர்கள், கருவுற்றவர்கள், கல்லீரல் நோயோ இதய நோயோ உள்ளவர்கள், மதுவோடு தூக்க மாத்திரையும் எடுப்பவர்கள் ஆகியோர் வீட்டில் நிறுத்த முயலக் கூடாது. ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் அடுத்த விலகல் முன்னதைவிடக் கடுமையாக வரும் போக்கு உண்டு என்பதால், "போன தடவை ஒன்றும் ஆகவில்லையே" என்பது பாதுகாப்பான கணக்கல்ல. மருத்துவ உதவி கிடைக்க இரண்டொரு நாள் ஆகும் என்றால், அதுவரை முழுவதுமாக நிறுத்தாமல் இருப்பதே உடலால் பழகிப்போனவருக்கு நல்லது. கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும் மருத்துவர்கள் சொல்வதும் இதையே.

மருத்துவமனையில் டயாசிபாம், குளோர்டயசிபாக்சைடு போன்ற மருந்துகளைக் கொடுத்து, மூளையின் கொந்தளிப்பைத் தணித்து, சில நாட்களில் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கல்லீரல் கெட்டவர்களுக்கு லோரசிபாம் ஏற்றது. இவற்றை நீங்களே வாங்கிக் கொடுக்க வேண்டாம். மதுவோடு சேர்ந்தால் இவை மூச்சை அடக்கிவிடும். இன்னொன்று தயமின் எனப்படும் வைட்டமின் பி1. நெடுநாள் குடித்தவர்களின் உடலில் இது வற்றிப்போயிருக்கும். இந்தக் குறையால் மனக்குழப்பம், கண் அசைவுக் கோளாறு, நடை தள்ளாட்டம் ஆகியவை வருவதைக் கார்ல் வெர்னிக்கே 1881-இல் விவரித்தார். கவனிக்காமல் விட்டால் அது மீளாத நினைவிழப்பாக முடியும். தயமினை ஊசியாகப் போடுவது மிக எளிய சிகிச்சை, ஆனால் அதற்கும் நேரம் முக்கியம். குடிநோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றும்போது தயமின் கொடுத்தாயிற்றா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

வலிப்பு வந்தால் ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் மெத்தென்ற எதையாவது வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஆம்புலன்சை அழையுங்கள்.

பொருளுக்குப் பொருள் விலகல் வேறுபடும்

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் பென்சோடயசிபைன் மாத்திரைகளும் மதுவைப் போலவே திடீரென நிறுத்தினால் வலிப்பை உண்டாக்கலாம். மாதக்கணக்கில் எடுத்தவர்களுக்கு வாரங்களோ மாதங்களோ எடுத்துக்கொண்டு சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

ஹெராயின், மார்பின், அபினி சார்ந்த வலிநிவாரணிகள் ஆகிய ஓபியாய்டுகளில் கதை வேறு. ஹெராயினை நிறுத்திய 8 முதல் 24 மணி நேரத்தில் கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர், மயிர்க்கூச்சம், வயிற்றுப்பிடிப்பு, வயிற்றுப்போக்கு, எலும்பை முறுக்குவது போன்ற வலி தொடங்கி, இரண்டு மூன்று நாட்களில் உச்சமடைந்து, ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் அடங்கும். உடல்நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் இந்த விலகல் பொதுவாக உயிரைப் பறிப்பதில்லை. உண்மையான ஆபத்து அதன் பிறகுதான் வருகிறது. சில வாரங்கள் விலகியிருந்தவரின் உடல் பழைய தாங்குதிறனை இழந்திருக்கும். போதை மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த ஒருவர் பழைய அளவையே எடுத்தால் அதுவே அவரைக் கொன்றுவிடும். இதைச் சம்பந்தப்பட்டவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். சொல்வதால் அவரைத் தூண்டிவிடுவோமோ என்று அஞ்ச வேண்டாம். மூச்சு மெதுவாகி, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கி, உதடு நீலம் பாரித்தால் அது மிகையளவின் அடையாளம். நலாக்சோன் என்ற மருந்து மூக்கில் தெளிப்பாகவோ ஊசியாகவோ கொடுக்கப்பட்டால் நிமிடங்களில் மூச்சைத் திரும்பக் கொண்டுவரும். அதன் வேலை 30 முதல் 90 நிமிடங்களே நீடிக்கும் என்பதால், ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கஞ்சாவை நிறுத்தினால் எரிச்சல், பசியின்மை, தூக்கக் கெடுதி, கனவுகள் எல்லாம் ஓரிரு நாட்களில் தொடங்கி இரண்டு வாரங்களில் தணியும். கொக்கெய்ன், மெத்தாம்பெட்டமின் போன்ற ஊக்கிகளை நிறுத்தியவர் நாள்முழுதும் தூங்குவார், நிறையச் சாப்பிடுவார், எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பார். உடல் அளவில் இது சாதுவாகத் தோன்றினாலும் தற்கொலை எண்ணம் எழும் காலம் இது, ஆகவே அவரைத் தனியே விடக் கூடாது.

அதன் பிறகு என்ன சிகிச்சை?

உடலிலிருந்து போதைப்பொருள் வெளியேறியதும் நோய் போய்விட்டது என்று எண்ணிப் பணத்தையும் பொறுமையையும் முதல் வாரத்திலேயே செலவழித்துவிடும் குடும்பங்கள் பல. வேட்கை மூளையில் பதிந்த நினைவு. பழைய நண்பரின் குரலோ வழக்கமாகக் குடித்த அந்தி வேளையோ அதைத் தட்டி எழுப்பப் போதும். அதற்கான சிகிச்சை மாதங்களில் அளக்கப்படுவது.

மதுவுக்கு மூன்று மருந்துகள் நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. நால்ட்ரெக்சோன், குடியால் வரும் இன்பத்தையும் வேட்கையையும் குறைக்கிறது. ஓபியாய்டு எடுப்பவருக்கு இதைக் கொடுக்கக் கூடாது. அகாம்ப்ரோசேட், நிறுத்தியவர் நிறுத்தியபடியே இருக்க உதவுகிறது. சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும். டைசல்ஃபிராம் இவற்றில் மூத்தது. அதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரியும். அந்த அச்சமே அவரைத் தடுக்கிறது. இங்கே கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: இதை அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்காதீர்கள். விவரம் அறியாமல் அவர் குடித்தால் இதயம் நின்றுபோகவும் கூடும். "குடியை மறக்கடிக்கும் பொடி" என்று பெயர் தெரியாமல் விற்கப்படும் எதையும் இதே அச்சத்தோடு பாருங்கள்.

ஓபியாய்டு அடிமை நிலைக்கு, தாமும் ஓபியாய்டு வகையைச் சேர்ந்த மெத்தடோனும் பியூப்ரெனார்ஃபினும் உள்ளன. இரண்டும் 2005-ஆம் ஆண்டிலிருந்து உலக சுகாதார அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இருக்கின்றன. "ஒரு போதையை விட்டு இன்னொன்றா?" என்று பலர் கேட்கிறார்கள், மனம் புண்பட்டவர்களின் கேள்வி அது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் இம்மருந்துகள் மெதுவாக வேலை செய்து, ஏற்றமும் இறக்கமும் இல்லாத நிலையைத் தருகின்றன. இவற்றை எடுத்துக்கொள்வோரிடையே மரணம் கணிசமாகக் குறைகிறது. வேலைக்குப் போய், பிள்ளையைப் பள்ளியில் விட்டு, இரவில் தூங்குகிற ஒருவரை மருந்தை நிறுத்தச் சொல்லி நெருக்குவதில் எந்த நன்மையும் இல்லை. பியூப்ரெனார்ஃபினை விலகல் அறிகுறிகள் தொடங்கிய பின்பே முதல்முறை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் அதுவே கடும் விலகலை மூட்டிவிடும்.

ஊக்கிகளுக்கும் கஞ்சாவுக்கும் இப்படி நிலைபெற்ற மருந்து இல்லை. அங்கே உளவழிச் சிகிச்சையே முதன்மை. போதையின்றி இருந்ததைச் சோதனையில் நிரூபித்தவருக்குச் சிறு பரிசு தரும் முறை ஊக்கிகளின் விஷயத்தில் நல்ல பலன் தருகிறது. மற்றபடி, மாற வேண்டும் என்ற எண்ணத்தை நோயாளியின் வாயிலிருந்தே வரவழைக்கும் ஊக்கமூட்டும் நேர்காணல், வேட்கையைத் தூண்டுபவற்றை இனங்கண்டு அவற்றுக்கு மாற்றுச் செயலைப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஆகியவை எல்லாப் போதைக்கும் பொருந்தும். 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் இன்று பல நாடுகளில் கட்டணமின்றி நடக்கின்றன. அங்கே போய்ப் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் போதும். மனச்சோர்வோ பதற்றநோயோ சேர்ந்திருந்தால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை வேண்டும்.

உள்ளேயே தங்கிப் பெறும் சிகிச்சை எல்லோருக்கும் தேவையில்லை. வீடு அமைதியாகவும் விலகல் லேசாகவும் இருந்தால் வெளிநோயாளியாகவே தொடரலாம். மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், நேரில் போய், தகுதிபெற்ற மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார், என்னென்ன மருந்து கொடுக்கிறீர்கள், வெளியே வந்த பின் எத்தனை மாதம் தொடர்ந்து பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். உறவினர் பார்க்க அனுமதி மறுப்பது, அடிப்பது, கட்டிப்போடுவது, "நூற்றுக்கு நூறு குணம்" என்று உத்தரவாதம் தருவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

சறுக்கினால்

மீண்டவர்களில் பாதிப்பேர் அளவுக்கு ஒருமுறையேனும் சறுக்குகிறார்கள். இரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற நாள்பட்ட நோய்களிலும் ஏறத்தாழ இதே கதைதான். ஒரு கோப்பையைக் குடித்துவிட்டு, "எல்லாம் போயிற்று, இனி என்ன" என்று புட்டியைக் காலிசெய்வதே பெருங்கேடு. அன்றே ஆலோசகரை அழைத்துச் சொல்லிவிட்டால் அது ஓர் இரவோடு நின்றுவிடக்கூடும். வேட்கை அலை போல எழும், பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அந்த நேரத்தைக் கடத்த ஒரு நடை, ஒரு குளியல், ஒரு தொலைபேசி அழைப்பு என்று முன்பே தீர்மானித்து வைத்திருக்க வேண்டும். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் வேட்கைக்குக் கதவு திறப்பவை.

வீட்டில் இருப்பவர்களுக்கு

போதையில் இருப்பவரிடம் பேசிப் பயனில்லை. தெளிந்திருக்கும் காலையில், ஒருவர் மட்டும், கண்ணால் கண்ட ஒன்றை மட்டும் சொல்லுங்கள். "நீ குடும்பத்தையே அழிக்கிறாய்" என்பதைவிட, "நேற்று இரவு குழந்தை உன்னைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்" என்பது உள்ளே இறங்கும். அவருக்காக வேலையிடத்தில் பொய் சொல்வதையும் கடனை அடைப்பதையும் மெல்ல நிறுத்துங்கள். அவர் குடிக்காத நாளில் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அடியும் மிரட்டலும் இருக்கும் வீட்டில் உங்களுடையதும் பிள்ளைகளுடையதுமான பாதுகாப்பே முதலில். அவரது சிகிச்சை அதற்குப் பின்.

மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன பொருள், ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுகளாக, முன்பு நிறுத்தியபோது என்ன நேர்ந்தது, வலிப்பு வந்ததுண்டா, வேறு எந்த மாத்திரைகள் எடுக்கிறார், கல்லீரல், இதயம், சர்க்கரை நோய் உண்டா, உயிரை விட வேண்டும் என்று எப்போதாவது பேசினாரா என்பவற்றை எழுதுங்கள். இவற்றுக்கெல்லாம் மேலே, முதல் வரியில், அவர் கடைசியாகக் குடித்த நாளையும் மணியையும் எழுதிவையுங்கள்.